கல்லின் காரம், மண்ணின் புளிப்பு

நார்த்தாமலைப் பாறையிலிருந்து உடைந்த ஒரு சில்லை மாவாகும்வரை அரைத்து, காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, கார அமில நிலையைப் பார்த்தால் அளவு 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். அம்மியில் அரைத்தாலும் குற்றமில்லை. அம்மியும் அதே இனக் கல்தான். அதாவது புத்தம்புதிதாகப் பொடித்த கருங்கல் காரத் தன்மை உள்ளது. ஆனால் அதே பாறையின் வெடிப்பில், சருகு மக்கிக் கிடக்கும் மண்ணை எடுத்துச் சோதித்தால் அளவு 7-க்குக் கீழே இறங்கி அமிலப் பக்கம் சாய்கிறது. காரமான கல்லிலிருந்து புளிப்பான மண் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகங்களில் ஒரு சுருக்குவழி உண்டு: கிரானைட் ஓர் அமிலப் பாறை, ஆகவே அதன் மண்ணும் அமில மண். கேட்க வசதியாக இருக்கும் இந்த விடை தவறானது. நிலவியலில் அமிலப் பாறை என்ற சொல், கல்லில் சிலிக்கா மிகுந்திருப்பதை, ஏறத்தாழ 65, 70 விழுக்காட்டைத் தொடுவதை, குறிக்கிறது. சிலிக்காவை ஓர் அமிலத்தின் கூறாகவே எண்ணிய 19-ஆம் நூற்றாண்டு வேதியியலின் மிச்சம் அது. மண்ணின் புளிப்போடு அந்தச் சொல்லுக்கு நேரடி உறவு கிடையாது. கல் தன் மண்ணுக்குப் புளிப்பைத் தருவதில்லை. புளிப்பை அடக்கும் சரக்கைக் குறைவாகத் தருகிறது, அவ்வளவே. மீதி வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றின் மேல் மண் புளிப்பதையும் பள்ளத்தில் நிலம் களர் பூப்பதையும் இரண்டு தனித்தனிக் குறைகளாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவை ஒரே கணக்கின் பற்றும் வரவும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாவட்டத்தின் மேற்குப் பாதி முழுவதும் பழைய படிகப் பாறை நாடு. கிரானைட்டும் அதன் உறவுக் கல்லான நைஸும் சமவெளியிலிருந்து மொட்டை மொட்டையாக எழுந்து நிற்கின்றன: நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, விராலிமலை, திருமயம். 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கற்கள். நார்த்தாமலை என்று ஒருமையில் சொன்னாலும் அது மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என ஒன்பது குன்றுகளின் கூட்டம். அதில் ஒன்றின் பெயர் மண்மலை. சுற்றிலும் பாறையாக நிற்கும் இடத்தில் ஒரு குன்றை மட்டும் மண்ணால் அடையாளம் காட்டியிருக்கிறார்கள் என்றால், மண் அங்கே எவ்வளவு அரிய பொருளாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒப்பிட இவை மலையே அல்ல, கரடுகள். ஆனாலும் கிரானைட் மண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க நீலகிரியைவிட இது வசதியான இடம். அங்கே மேலே கிடக்கும் ஆழமான மண்ணும் அடர்ந்த காடும் எல்லாவற்றையும் மூடிவிடும். இங்கே பாறை, வெடிப்பு, சரளை, செவல், கண்மாய் என ஒவ்வொரு படியும் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் திறந்து கிடக்கிறது.

வெடிப்பிலிருந்து ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் பரப்பினால் அதன் வரலாறு அதிலேயே இருக்கும். பெரிதாக, கூராக, மங்கிய வெள்ளையாக இருப்பவை வெங்கச்சாங்கல்லின் துணுக்குகள். வெயிலில் மின்னும் செதில்கள் காக்காப்பொன். இளஞ்சிவப்பாகவோ அழுக்கு வெள்ளையாகவோ, நகத்தால் அழுத்தினால் பொடியும் அளவுக்கு நைந்துபோன மணிகள் ஃபெல்ஸ்பார். இவற்றுக்கிடையே கருப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது இலைமக்கு. மூன்று கனிமங்களும் கல்லுக்குள் ஒன்றாகப் பிறந்தவைதான். சாவதில் மட்டும் வேறுபாடு. வெங்கச்சாங்கல்லை மழை ஒன்றும் செய்வதில்லை, மணலாகி நின்றுவிடும். ஃபெல்ஸ்பார்தான் கரைகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்திருப்பதால் மாசற்ற மழைநீரே 5.6 அளவுக்கு லேசான அமிலம். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணுக்குள் இந்த வாயு பன்மடங்கு கூடும். அந்த நீரின் ஹைட்ரஜன் ஃபெல்ஸ்பாருக்குள் நுழைந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கொஞ்சநஞ்ச கால்சியத்தையும் வெளியே தள்ளுகிறது. எஞ்சுவது வெண்களி. கல்லை அரைத்தவுடன் நீர் காரமானதற்குக் காரணமும் இந்தத் தள்ளல்தான்: வெளியேறிய காரப்பொருள்கள் அப்போது பாத்திரத்துக்குள்ளேயே இருந்தன. மலையில் பாத்திரத்துக்கு அடி கிடையாது. காரப்பொருள் நீரோடு போய்விட, ஹைட்ரஜன் மட்டும் மண்ணில் தங்குகிறது. சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் கரையக் கரையப் புதுச் சுண்ணாம்பு வந்து புளிப்பை அடக்கிக்கொண்டே இருக்கும். கிரானைட்டின் கையிருப்பில் கால்சியம் மிகக் குறைவு. சாம்பல்சத்து போதுமான அளவு இருக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் எப்போதும் பற்றாக்குறை. கிரானைட் மண்ணின் பிறவிக் குணம் இந்த ஏற்றத்தாழ்வுதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். காரப்பொருளை அடித்துச் செல்ல மழை வேண்டாமா? நீலகிரியிலும் வால்பாறையிலும் பெய்வது போலப் பெய்தால் மண் 4.5, 5 என்று இறங்குவது இயல்பு. தேயிலை அங்கே செழிப்பதற்கும் அதுவே காரணம். புதுக்கோட்டைக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 900 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இந்த மழையளவில் கிரானைட்டிலிருந்து வரும் செம்மண் பொதுவாக 6-க்கும் 7-க்கும் நடுவில், நடுநிலையை ஒட்டித்தான் நிற்கும். அடிவாரச் செவக்காட்டைப் பற்றியவரை இந்த மறுப்பு முற்றிலும் சரி. ஆனால் மழைமானியின் கணக்கு சமதளத்துக்கான கணக்கு. மொட்டைப் பாறை நீரைக் குடிப்பதில்லை, வழியவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள வெடிப்புக்கு மேலே பத்துச் சதுர மீட்டர் பாறை முகம் சரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முகத்தில் விழும் 900 மில்லிமீட்டரில் பாதி ஆவியாகவும் பக்கவாட்டிலும் போனால்கூட, மீதி 450-ஐப் பத்தால் பெருக்க வேண்டும். வெடிப்பின் மேல் நேராக விழும் 900-ஐயும் சேர்த்தால் அந்த ஒரு சதுர மீட்டர் மண் ஆண்டுக்கு 5,400 மில்லிமீட்டர் நீரைப் பார்க்கிறது. வறண்ட மாவட்டத்தின் நடுவே மழைக்காட்டின் நீர்க்கணக்கு. கீழே விரிசல் இருந்தால் அத்தனையும் வடிந்து இறங்கும், போகிற போக்கில் மண்ணைக் கழுவிக்கொண்டே. சமணர் குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியவர்கள், பாறை முகத்தில் ஓடும் நீரின் அளவைக் கண்ணால் கண்டு அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். சித்தன்னவாசலின் நாவச்சுனை நாவல் மரத்தால் பெயர் பெற்றது. ஆற்றங்கரையில் நிற்க விரும்பும் நாவல், கல்லின் மேல் நிற்பதற்கும் இந்தக் கணக்கே காரணம். அடியில் விரிசல் இல்லாத குழிகளில் கதை மாறும். அங்கே நீர் தேங்கி, கோடையில் வற்றி, கரைந்ததெல்லாம் அங்கேயே படியும், மண் புளிக்காது. பத்தடி இடைவெளியில் இரண்டு குழிகள் இரண்டு விதமாக இருக்க முடியும் என்பதால், மலைக்கு ஒரே அளவு என்று சராசரி எடுத்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தண்ணீருக்கு அடுத்த பங்கு உயிர்களுடையது. பாறை முகத்தில் வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும் சாம்பல் நிறப் பற்றுகள், பக்கத்துச் செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசிக்கு உறவு. தாம் சுரக்கும் கரிம அமிலங்களால் கல்லின் பொருக்கைத் தளர்த்தித் தூசியைப் பிடித்து வைக்கின்றன. பிறகு பாசி, புல், கல்லத்தி, உசிலை, வெப்பாலை. சருகு விழுந்து மக்கும்போது மேலும் அமிலம் பிறக்கிறது. ஆகவே காடுதான் மண்ணைப் புளிக்க வைக்கிறது என்று குற்றம் சாட்டலாம், பாதி உண்மை. மறுபாதி, அந்த மக்குதான் மண்ணின் முழுச் சொத்தையும் காத்துவைக்கிறது என்பது. வெண்களிக்குச் சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன் அற்பம்; நூறு கிராமுக்குச் சில அலகுகளிலிருந்து பதினைந்து அலகுக்குள் முடிந்துவிடும். நன்கு மக்கிய இலைமக்குக்கு அதே அளவையில் நூற்றைம்பதுக்கும் மேல். மணலும் வெண்களியுமான மலை மண்ணில் இரண்டு, மூன்று விழுக்காடு மக்குதான் வங்கி. மரம் ஆழத்து விரிசலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சி இலையில் சேர்க்கிறது. இலை விழுந்தால் அது மேல்மண்ணுக்குத் திரும்புகிறது. விறகுக்கும் எருவுக்கும் சருகைக் கூட்டி எடுத்துச் சென்றால் திரும்ப வேண்டியது திரும்பாமல் போகும். மலைக்காட்டு மண் புளிப்பதில் மரத்தின் பங்கைவிட, மரம் தந்ததை எடுத்துச் சென்றவரின் பங்கு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

புளிப்பின் உண்மையான கெடுதி புளிப்பில் இல்லை, அலுமினியத்தில் இருக்கிறது. அளவு 5.5-க்குக் கீழே போகும்போது களிக்குள் அடைபட்டிருந்த அலுமினியம் கரைந்து வெளிவந்து வேர் நுனியைக் கருக்கும், மணிச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். இதற்கு ஈடுகொடுக்கும் செடிகளில் ஒன்று காயா. திருமாலின் நிறத்துக்கு உவமையாகிய காயாம்பூ பூக்கும் அதே புதர்மரம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில்காடுகளில் மிகுதியாக இருப்பது. இந்த இனம் அலுமினியத்தை ஒதுக்குவதில்லை, உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் போடுவார்கள். படிகாரம் அலுமினிய உப்பு. தென்னிந்தியச் சாயத் தொழிலில் காயா இலையும் சாயத்தோடு சேர்க்கப்பட்டது. சாயக்காரர்கள் அலுமினியத்தைப் பற்றி அறிந்திருக்க வழியில்லை, இலையின் வேலையை அறிந்திருந்தார்கள். விராலியும் இப்படி ஏழை மண்ணில் வாழப் பழகிய புதர்தான். இலையெல்லாம் பிசின் பூசி, ஆடு வாய்வைக்கத் தயங்கும்படி நிற்கும். விராலிமலையின் பெயரை இந்தச் செடியோடு இணைத்துச் சொல்வதுண்டு. சத்துக் குறைந்த மண்ணில் இழந்த இலையை மீண்டும் உண்டாக்குவது செலவு மிக்க வேலை. அதனால் அங்கே வளரும் செடிகள் மெதுவாக வளர்ந்து, பிசினிலும் துவர்ப்பிலும் கசப்பிலும் முதலீடு செய்கின்றன என்பது சூழலியலில் வலுவாக உள்ள ஒரு விளக்கம். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையின் துண்டு விழுந்ததால்தான் நார்த்தாமலையில் இத்தனை மூலிகை என்று ஊரார் சொல்லும் கதைக்கு மண்ணியல் தரும் மாற்றுக் கதை இது. முதல் கதையைப் போல அழகாக இல்லைதான்.

மேலிருந்து போனது எங்கே போயிற்று? சரிவோடு இறங்கினால் தெரிந்துவிடும். நடுச்சரிவின் செவக்காட்டில் கடலை போடும் விவசாயி, மண் அணைக்கும் பருவத்தில் செடியோரம் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. இடாவிட்டால் காயில் பருப்பு பிடிக்காது, பொக்காகப் போகும். கடலைக் காய் தனக்குத் தேவையான கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுப்பது. செம்மண்ணிலோ அது போதாது. அங்கிருந்து இன்னும் இறங்கி, கண்மாய்க்குக் கீழே வடிகால் இல்லாத பள்ளத்துக்குப் போனால் அதே வெள்ளை மாவைக் களர் திருத்த இடுகிறார்கள். இங்கே அளவு 8.5-ஐத் தாண்டி நிற்கிறது. மண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கும் சோடியத்தை விரட்டக் கால்சியம் தேவைப்படுகிறது. ஒரே சரிவின் மேலே கால்சியம் போதாமைக்கும், கீழே சோடியம் மிகைக்கும் ஒரே மருந்து. மேலே ஃபெல்ஸ்பாரை விட்டுக் கிளம்பிய சோடியம்தான் கீழே களராகிக் கிடக்கிறது. கால்சியம் சுக்கான்கல் முடிச்சுகளாக உறைந்திருக்கிறது. குன்று கொடுத்ததைப் பள்ளம் வாங்கி வைத்திருக்கிறது.

இந்தப் பள்ளத்து உப்பு ஒரு காலத்தில் அரசியல் விவகாரமாகவும் இருந்தது. கடற்கரையே இல்லாத புதுக்கோட்டை சமஸ்தானத்தில் உப்பு மண்ணைக் கரைத்து வடித்து உப்பு காய்ச்சினார்கள். ஆங்கிலேய அரசின் உப்பு வருவாய்க்கு அது இடைஞ்சல். திவான் சேஷய்ய சாஸ்திரியின் நிர்வாகக் காலத்தில், 1887-இல், ஆண்டுக்கு 38,000 ரூபாய் ஈட்டுத்தொகைக்கு ஈடாகச் சமஸ்தானம் அந்தத் தொழிலை நிறுத்த ஒப்புக்கொண்டது. உப்பெல்லாம் கிரானைட் தந்தது என்று இதை வைத்து வாதிட்டால் நிலவியலாளர் உடனே மறுப்பார், மறுக்கவும் வேண்டும். சாதாரண உப்பின் குளோரின் கிரானைட்டில் பேருக்குத்தான் இருக்கும். அதில் பெரும்பகுதி கடற்காற்றும் மழையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே உப்பு மண் கலப்புச் சாட்சி. சலவைத் தொழிலாளர் வெள்ளாவிக்கு வாரிச் சென்ற உவர்மண்தான் கலப்பில்லாத சாட்சி. அதன் சரக்கு சோடியம் கார்பனேட். சோடியம் ஃபெல்ஸ்பாரிலிருந்தும் கார்பனேட் மழைநீரின் கரியமில வாயுவிலிருந்தும் வந்தவை. கடல் இடையே வரத் தேவையில்லை. குன்றின் மேல் மண் புளித்ததற்கான ரசீது என்று உவர்மண்ணைச் சொல்லலாம்.

கணக்கை மனிதர்களும் திருப்பி எழுதியிருக்கிறார்கள். 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய், ஏந்தல், குளங்கள் கொண்ட மாவட்டம் இது. கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை மண்ணை வண்டியில் ஏற்றி மேட்டுச் செவலில் கொட்டுவது பழைய வழக்கம். உரமாகப் போடுகிறோம் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் நடப்பது அதைவிடப் பெரிது: நீர் கீழே கொண்டுபோன களி, மக்கு, கால்சியம் ஆகியவற்றை வண்டி மேலே கொண்டுவருகிறது. மண்ணின் புளிப்பு குறைவதும், ஈரம் தங்குவதும் அதன் பலன்கள். 2017-இல் கண்மாய் வண்டலை விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு வழிசெய்தபோது, தூர்வாரும் திட்டமாகவே அது பேசப்பட்டது. மண் திருத்தும் திட்டமாகவும் பேசியிருக்கலாம்.

இன்னொரு மறுப்பையும் விட்டுவிட முடியாது. புதுக்கோட்டையின் அமில மண் என்றால் செம்புரான்கல் மண்தான். கரட்டு மண்ணை இழுத்துவந்து பேசுவானேன்? மாவட்டத்தின் நடுவிலும் கிழக்கிலும் மணற்பாறையின் மேல் செம்புரான்கல் பரந்திருப்பதும், அதன் மண் தெளிவாகவே அமிலம் என்பதும், ஆதனக்கோட்டை முந்திரிக்கு அந்த மண் ஒத்துப்போவதும் சரியே. பெருங்கற்கால மக்கள் தம் ஈமக்குழிகளுக்கு வட்டமிட அந்தக் கல்லை அறுத்துப் பயன்படுத்தினார்கள். ஆனால் செம்புரான்கல், கழுவல் ஏறக்குறைய முடிந்துபோன நிலை. கரைய வேண்டியது கரைந்து இரும்பும் அலுமினியமும் எஞ்சியது. இன்றைய மழையில் அது உருவாவதில்லை, பழைய காலநிலையின் எச்சம். கரட்டு மண்ணில் அதே வேலை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. நைந்த ஃபெல்ஸ்பார் மணிகள் கையில் தென்படுவதே அதற்கு அடையாளம். ஒன்றை வைத்து மற்றொன்றை மதிப்பிடுவதும், இரண்டையும் தரிசு என்ற ஒரே பதிவேட்டுச் சொல்லில் அடைப்பதும் ஆவணத்துக்கு வசதி, மண்ணுக்கு அல்ல.

தரிசு என்ற அந்தச் சொல்தான் தைலமரத்தை இங்கே கொண்டுவந்தது. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள் இம்மாவட்டத்தில் பெரும் பரப்பில் உள்ளன. நீர்வரத்தைத் தடுக்கிறது, மண்ணைக் கெடுக்கிறது என்ற விவசாயிகளின் எதிர்ப்பும் நெடுநாளையது. மரம் நின்றாலே மண் அமிலமாகிவிடும் என்ற குற்றச்சாட்டை அப்படியே ஏற்க மாட்டேன். தைலமரம் கால்சியத்தை மரத்திலும் குறிப்பாகப் பட்டையிலும் சேர்த்து வைக்கும் இனம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டி லாரியில் ஏற்றினால், ஏற்கெனவே கால்சியம் இல்லாத மண்ணிலிருந்து கால்சியம் லாரியில் போகிறது. பட்டையை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டால் இழப்பு குறையும். நீர் விஷயத்தில் விவசாயிகள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது: தோட்டத்துக்குள் நீரைப் பிடிக்கப் போடும் வரப்பு, மேட்டிலிருந்து கண்மாய்க்கு வர வேண்டிய நீரோடு, அது கொண்டுவரும் சத்தையும் வண்டலையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

போன மண் மீண்டும் உண்டாகிவிடாதா? குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு இதற்குப் பதில் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டை ஒட்டிப் பாறை முகத்தில் வெட்டிய எழுத்து, ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் காலத்துக்குப் பிறகும் படிக்கும்படி இருக்கிறது. உளி இறங்கியது சில மில்லிமீட்டர்தான். அத்தனை மழையும் அதை அழிக்கவில்லை. அப்படியென்றால் வெடிப்பில் ஒரு சாண் மண் எப்படி வந்தது? திறந்த பாறையில் நீர் விழுந்ததும் ஓடிவிடும், கல் காய்ந்துவிடும், வேதிவினை நின்றுவிடும். மண் மூடிய பாறை எப்போதும் ஈரமாக, வேரின் மூச்சுக்கும் மக்கின் அமிலத்துக்கும் நடுவே இருக்கிறது. ஓரளவு மண் மூடியிருக்கும்போது கல் மிக விரைவாக நைகிறது, மூடாக்கே இல்லாவிட்டால் வேகம் விழுந்துவிடுகிறது என்று அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1877-இலேயே எழுதினார். மண்தான் மண்ணை உண்டாக்குகிறது. கல்குவாரிக்காக மேல்மண்ணை வழித்துத் தள்ளிய இடமும், சருகு எரிந்து மழையில் கழுவப்பட்ட சரிவும் இந்தக் காரணத்தால்தான் மொட்டையாகவே நின்றுவிடுகின்றன; அங்கே குழி தோண்டிக் கன்று வைப்பதால் விடுபட்ட சங்கிலி கூடிவிடாது. கல்வெட்டுப் பாறை போன்ற திறந்த முகத்தில் உளியை வைத்தால் தீப்பொறி பறக்கும். கைக்கெட்டும் தூரத்தில், சருகு தங்கிய வெடிப்புக்குள், அதே கல் இரண்டு விரலுக்கிடையே நெரித்தால் உதிர்கிறது.